புகைக்குப் பருவம் இருந்த காலம்

மார்கழியின் கடைசி நாள் நெருங்கும்போது தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் ஒரு வேண்டுகோள் விடுக்கும்: போகிக்கு டயர், டியூப், பிளாஸ்டிக் எரிக்காதீர்கள். சென்னை மாநகராட்சியின் 15 மண்டலங்களிலும் போகிக்கு முன்னரும் போகியன்றும் காற்றை அளந்து பட்டியல் வெளியிடுவார்கள். 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து ஓடுபாதையை மறைத்ததில் மீனம்பாக்கத்தில் விமானங்கள் தடைபட்டதை இன்னும் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். ஒரு நாள் புகைக்கு இத்தனை கவனம் கிடைப்பதில் தவறில்லை. ஆனால் சென்னையிலிருந்து மேற்கே 40 கிலோமீட்டரில் இருக்கும் ஸ்ரீபெரும்புதூரையும், அங்கிருந்து தெற்கே ஒரகடம் வரை நீளும் தொழிற்சாலைப் பட்டையையும் வைத்துப் பார்த்தால், இந்தக் கவனம் வேறொரு காலத்துக்கு உரியதாகத் தெரிகிறது. புகையையும் தூசியையும் உழவு வேலைகளே கிளப்பிய காலம் ஒன்று இருந்தது. அப்போது அவற்றுக்குப் பருவம் இருந்தது. கடந்த கால் நூற்றாண்டில் அந்தப் பருவம் போய்விட்டது. புகை வருடம் முழுக்க எழுகிறது. காற்றின் பருவமோ மாறவில்லை. இந்தப் பொருத்தமின்மைதான் இன்று இங்குள்ள பனிக்காலக் காற்றுக் கேட்டின் வேர் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பழைய செங்கற்பட்டு மாவட்டம் ஏரிகளின் மாவட்டம். வற்றாத ஆறு கிடையாது; மழையைத் தேக்கி வைத்தால்தான் நெல். 1763இல் ஆற்காட்டு நவாப் இந்தப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். அடுத்து 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து, ஏரி, குளம், தோப்பு, நன்செய், புன்செய், வீடு என எல்லாவற்றையும் கணக்கெடுத்தார். அந்தக் கணக்கைப் புரட்டினால் ஊர் என்றாலே ஏரியும் அதன் கீழுள்ள கழனியும்தான் என்பது விளங்கும். ஸ்ரீபெரும்புதூர் ஏரியும், பிள்ளைப்பாக்கம் ஏரியும், கிழக்கே கடல்போல் கிடக்கும் செம்பரம்பாக்கமும் இந்த அமைப்பின் கண்ணிகள். ஏரி நிரம்புவதைப் பொறுத்தே பயிர்க் காலம். ஆடி, ஆவணியில் தொடங்கித் தையில் முடியும் சம்பா. மார்கழி, தையில் நட்டுச் சித்திரை வாக்கில் அறுக்கும் நவரை. ஏரியில் இன்னும் தண்ணீர் இருந்தால் சித்திரையில் விதைத்து ஆடியில் அறுக்கும் சொர்ணவாரி. மூன்று போகமும் எல்லா ஊருக்கும் எல்லா ஆண்டும் வாய்த்ததில்லை. ஆனால் உழுவது எப்போது, அறுப்பது எப்போது, களம் எப்போது நிறையும் என்பதில் குழப்பம் இருந்ததில்லை.

தூசியைப் பற்றிய வரலாறு என்றால் களத்துமேட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். கதிரடித்து, மாடு கட்டிப் போரடித்து, கடைசியில் தூற்றும்போது எழும் தூசு சாதாரணமானதல்ல. பதரும் சுணையும் மண்ணும் கலந்து பறக்கும்; தூற்றுகிறவர் முகத்தைத் துணியால் மூடிக்கொள்வார். ஆனால் தூற்றுவதற்குக் காற்று வேண்டும். காற்று இல்லாத விடியற்காலையில் முறத்தைத் தூக்கிப் பயனில்லை; வெயில் ஏறிக் காற்று எழும்வரை காத்திருக்க வேண்டும். ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்ற பழமொழி இந்த அனுபவத்திலிருந்து வந்ததுதான். காற்று மாசுக் கண்ணோட்டத்தில் இதன் பொருள் பெரிது: ஊரில் அதிகமாகத் தூசு கிளப்பிய வேலை, அந்தத் தூசை அள்ளிக்கொண்டு போகும் காற்று வீசும் நேரத்தில் மட்டுமே நடந்தது. எவரும் சுற்றுச்சூழலை நினைத்து அப்படிச் செய்யவில்லை. வேலையின் தேவையே அப்படி அமைந்திருந்தது.

புகையும் பெரும்பாலும் இதே ஒழுங்கில் இருந்தது. ஏரி வண்டலை அள்ளிச் செங்கல் அறுத்துச் சூளை வைப்பது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு தொடங்கி, உச்சத்தை அடைவது கோடையில். பச்சைக்கல் காய வெயில் வேண்டும். சூளை வேகும் நாள்களில் மழை விழுந்தால் முதல் போச்சு. கோடையில் தரை சூடேறி, காற்று உயரம் வரை கலந்து போகும் காலம் அது. வைக்கோலை எரிக்கும் வழக்கம் இங்கே வேர்விடவில்லை. அது மாட்டுக்குத் தீனி, கூரைக்குப் பொருள், விற்றால் காசு. வைக்கோல் போர் இல்லாத வீட்டுக்குப் பெண் கொடுக்க யோசித்த காலம் ஒன்று இருந்தது. இந்த ஒழுங்குக்கு விலக்கு போகிதான். பனி இறங்கிக் காற்று அசையாத விடியற்காலையில், ஆண்டின் மிக மோசமான நேரத்தில், ஊரே சேர்ந்து கொளுத்தும் நெருப்பு அது. அன்று எரிந்தவை பழம்பாய், தேய்ந்த துடைப்பம், கிழிந்த முறம். அளவு சிறிது, நேரம் குறைவு. டயர் வந்த பின்தான் அது கறுத்தது.

அப்படியானால் பழைய காற்று தூய காற்றா? இல்லை, இதை ஒப்புக்கொள்ளாத எந்த வரலாறும் ஏமாற்று. வயல்வெளி சுத்தமாக இருந்திருக்கலாம், அடுப்பங்கரை சுத்தமாக இல்லை. சவுக்கு விறகும் சுள்ளியும் வறட்டியும் எரிந்த அடுப்பின் முன் உட்கார்ந்த பெண்கள் நாள்தோறும் இழுத்த புகை, இன்று நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்பவர் இழுப்பதைவிடப் பல மடங்கு. இதை அளந்து நிறுவியதில் சென்னையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில் போரூரில் இருக்கும் ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்வி நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையில் அங்குள்ள ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிப் பெண்கள் 1,285 பேரைத் தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியிட்ட ஆய்வு, அவர்கள் சுவாசித்த காற்றில் நுண்துகள் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் பிறக்கும் குழந்தையின் எடை சராசரியாக 4 கிராம் குறைவதைக் காட்டியது. நான்கு கிராம் சிறிதாகத் தோன்றும். ஆனால் விறகடுப்பு வீட்டின் துகள் அளவு பத்தால் அல்ல, நூற்றால் கூடும். 2006 தேர்தலுக்குப் பின் மாநில அரசு கொடுத்த இலவச எரிவாயு அடுப்பும், 2016இல் வந்த மத்திய அரசின் உஜ்வலா திட்டமும் இந்தப் புகையைக் குறைத்தன. ஆகவே வீட்டுக்குள் காற்று மேம்பட்டிருக்கிறது. என் வாதம் வெளிக்காற்றைப் பற்றியது. அதிலும் அது எந்த மாதத்தில், எந்த மணியில் கெடுகிறது என்பதைப் பற்றியது.

மாற்றம் வந்த வேகத்தை நினைத்துப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட் 1971இலேயே தொடங்கப்பட்டுவிட்டது. ஆனால் இந்தப் பட்டையின் கதை ஹூண்டாயில்தான் சூடு பிடிக்கிறது. 1996இல் அந்நிறுவனம் இங்கே வந்தது, 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ கார் வெளிவந்தது. 2000இல் செயின்ட் கோபெய்ன் கண்ணாடி ஆலை, 2006இல் நோக்கியா, அடுத்து சாம்சங், பாக்ஸ்கான். ஒரகடத்தில் 2010இல் ரெனால்ட் நிசானும் அப்பல்லோ டயரும், 2012இல் டெய்ம்லரின் பாரத்பென்ஸ் லாரி ஆலை, 2013இல் ராயல் என்பீல்டு. இதற்கு நிலம் எடுக்கவென்றே 1997இல் தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நிலம் கையகப்படுத்தும் சட்டம் வந்தது. வண்டலூர் வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில் ஸ்ரீபெரும்புதூர் சாலையும் ஒரகடத்தில் சந்திக்கின்றன. மாட்டுவண்டி போன அந்தக் கூட்டுச்சாலைக்கு மேல் இப்போது மேம்பாலம். நோக்கியா 2014இல் மூடப்பட்டுவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இந்தப் பட்டையில் ஆலைகள் வரும், போகும், சாலையில் வண்டிகள் மட்டும் குறைவதில்லை.

ஆலைகள் எதைச் செய்கின்றன என்பதைவிட எப்போது செய்கின்றன என்பதே காற்றைப் பொறுத்தவரை முக்கியம். சூரியனைப் பார்த்து வேலை செய்த ஊர் இப்போது ஷிப்டைப் பார்த்து வேலை செய்கிறது. காலை ஷிப்டுக்கு ஆளேற்ற விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்கள் நூறு கிராமங்களிலிருந்து புறப்படுகின்றன. இரவு ஷிப்டு விட்டவர்களை இறக்க நள்ளிரவுக்கு முன்பும் பின்பும் ஓடுகின்றன. சென்னை நகருக்குள் கனரக வண்டிகளுக்குப் பகலில் கட்டுப்பாடு இருப்பதால், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னரும் கார் ஏற்றும் டிரெய்லரும் பகலில் ஓரங்கட்டி நின்று இரவில் நகர்கின்றன. நகரத்தின் பகல் நெரிசலுக்குத் தீர்வாக வந்த விதி, பட்டையின் இரவுக் காற்றுக்குச் சுமையானது. இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. ஆனால் தூற்றுவதற்குக் காற்றைப் பார்த்துக் காத்திருந்த ஊரில், காற்றே இல்லாத நேரத்தில் டீசல் எரிப்பது இப்படித்தான் வழக்கமானது.

காற்று இல்லாத நேரம் என்பதைச் சற்று விளக்க வேண்டும். பகலில் தரை சூடாகி, அதை ஒட்டிய காற்று மேலெழுந்து, புகையை ஆயிரம் மீட்டருக்கு மேலும் கொண்டுபோய்க் கரைத்துவிடும். மார்கழி, தை, மாசி இரவுகளில் தரை குளிர்ந்துவிடுகிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழேயே படிந்து கிடக்கிறது. மேலே சற்று வெதுவெதுப்பான காற்று மூடிபோல நிற்கிறது. அப்போது எழும் புகை சில நூறு மீட்டருக்குள், சில சமயம் அதற்கும் குறைவான உயரத்துக்குள், அடைபட்டுவிடும். அதே அளவு டீசல் சித்திரை மாதத்து மதியத்தில் எரிந்தால் காற்றின் தரம் அவ்வளவு கெடாது. தை மாதத்து அதிகாலை நான்கு மணிக்கு எரிந்தால் கெடும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் நாள்களில் மழையே காற்றைக் கழுவிவிடுகிறது. மழை நின்று பனி தொடங்கும் இடைவெளிதான் ஆபத்தான காலம்.

வாடைக்காற்றின் திசையும் இந்த ஊருக்குச் சாதகமாக இல்லை. ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது பட்டையின் புகை சென்னைப் பக்கம் போகிறது. ஐப்பசிக்குப் பிறகு காற்று திசை மாறி வடகிழக்கிலிருந்து வீசுகிறது. ஸ்ரீபெரும்புதூருக்கு நேர் வடகிழக்கில், ஐம்பது கிலோமீட்டருக்குள், எண்ணூர் இருக்கிறது. 1970இல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டுவிட்டாலும், 1994இல் வந்த வடசென்னை நிலையமும் 2012இல் வந்த வல்லூரும் நிலக்கரி எரிக்கின்றன. இடையில் மணலித் தொழிற்பகுதியும் முழு நகரமும் உள்ளன. அவை விடும் கந்தக டை ஆக்சைடு வழியிலேயே சல்பேட் துகளாக மாறி உள்நாட்டுக்கு வருகிறது. இன்னும் தொலைவிலிருந்தும் வருகிறது: 1999இல் பல நாட்டு அறிஞர்கள் சேர்ந்து நடத்திய இந்தியப் பெருங்கடல் ஆய்வு, குளிர்கால மாதங்களில் துணைக்கண்டத்தின் புகைமூட்டம் கடல் மேலேயே நீண்ட தூரம் பரவிக் கிடப்பதைப் பதிவுசெய்தது. 2019 நவம்பரில் சென்னைக் காற்று திடீரென்று கெட்டபோது, அது டெல்லிப் புகையா உள்ளூர்ப் புகையா என்று வானிலை ஆர்வலர்களும் அதிகாரிகளும் வாதாடினார்கள். இரண்டுக்கும் இடம் உண்டு என்பதே என் கருத்து. வெளியிலிருந்து வரும் சுமை எவ்வளவு இருந்தாலும், அதன் மேல் உள்ளூர்ச் சுமையை ஏற்றுவதா வேண்டாமா என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

பருவத்துக்கும் உற்பத்திக்கும் உள்ள இந்தப் பொருத்தமின்மை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2008 முதல் சில ஆண்டுகள் நீடித்த மின்வெட்டுக் காலம் நல்ல சாட்சி. தமிழ்நாட்டின் காற்றாலைகள் ஆரல்வாய்மொழி, முப்பந்தல், கயத்தாறு பக்கம் தென்மேற்குப் பருவக் காற்றை நம்பி நிற்பவை. வைகாசி முதல் புரட்டாசி வரை மின்சாரம் கொட்டும். ஐப்பசியில் காற்று ஓய்ந்ததும் அருவி வற்றியதுபோல நின்றுவிடும். 2012இன் பிற்பகுதியில் சென்னைக்கு வெளியே நாளில் பாதி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாத ஊர்கள் இருந்தன. ஆலைகளும், அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகளும், தொழிலாளர்கள் தங்கும் விடுதிகளும் ஜெனரேட்டரைப் போட்டன. காற்று வீசும் மாதங்களில் ஜெனரேட்டர் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. காற்று நின்ற மாதங்களில்தான் மிகுதியாகத் தேவைப்பட்டது. தெற்கே காற்று நின்றதால் இங்கே டீசல் எரிந்தது. அது எரிந்தது இங்கும் காற்று அசையாத மாதங்களில். ஒரே பருவம் இரண்டு பக்கமும் அடித்தது.

கல்குவாரித் தூசியைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஆனால் சொல்லாமல் விட முடியாது. ஆலைக்குத் தளமும் சாலைக்கு ஜல்லியும் வீட்டுக்கு எம்-சாண்டும் வேண்டியிருப்பதால் எருமையூர்ப் பக்கமும் சாலவாக்கம் பக்கமும் மலைகள் குழிகளாகிவிட்டன. கடினமான கல், உடைத்தால் நைசாகப் பறக்கும். தார்ப்பாய் போடாத டிப்பர் போகும் சாலையோரம் புளியமரத்து இலை எந்த மாதத்திலும் பச்சையாக இருப்பதில்லை.

இனி எதிர்வாதங்கள். கார் தயாரிக்கும் ஆலையில் புகைபோக்கி எங்கே இருக்கிறது, நவீன ஆலைகள் மீது பழி போடலாமா என்பது முதல் கேள்வி. நியாயமான கேள்வி. ஆலைகளின் பெயின்ட் பிரிவு, கொதிகலன், கண்ணாடி உலை ஆகியவற்றுக்கு அனுமதியும் வரம்பும் உண்டு. அவற்றைப் பெரும் குற்றவாளியாக நான் காட்டவில்லை. ஆலை வேலியோடு கணக்கை முடித்துவிடுவதுதான் பிழை. வேலிக்கு வெளியே நிற்கும் லாரியும் பஸ்ஸும் குவாரியும் சூளையும் அந்த ஆலை இருப்பதால் இருப்பவை. இரண்டாவது வாதம், அறுவடை இயந்திரம் வந்த பின் உழவர்கள் தாளை எரிக்கிறார்கள், பஞ்சாபைப் பாருங்கள் என்பது. பஞ்சாபின் கதை உண்மையில் என் பக்கம்தான் பேசுகிறது. நிலத்தடி நீரைக் காப்பாற்ற 2009இல் அங்கே நாற்று நடும் தேதியைச் சட்டம் தள்ளிப்போட்டது. அறுவடையும் தள்ளிப்போய், தாள் எரிக்கும் நாள்கள் காற்று தேங்கும் நவம்பரில் போய் விழுந்தன. புகையின் அளவோடு புகையின் தேதியும் சேர்ந்துதான் டெல்லியை மூச்சடைக்க வைத்தது. இங்கேயும் ஆங்காங்கே தாள் எரிக்கப்படுகிறது, மறுக்கவில்லை. ஆனால் வைக்கோலை உருட்டிக் கட்டும் இயந்திரத்துக்கு வாடகை கொடுத்து, கட்டுக் கட்டாகப் பால்மாட்டுக்காரர்களுக்கு விற்கும் பகுதி இது. அதிலும் நெல் விளைந்த நிலம் மனையாகவும் சிப்காட்டாகவும் மாறிக்கொண்டிருக்கையில், குறைந்துவரும் உழவன் கூடிவரும் புகைக்குக் காரணம் என்பது கணக்குக்கே ஒவ்வாது. மூன்றாவதாக, கடற்காற்று இருக்கும்போது கவலை எதற்கு என்பார்கள். திருவான்மியூருக்கு அது சரி. நாற்பது கிலோமீட்டர் உள்ளே வந்து சேரும் கடற்காற்று நகரத்தைக் கடந்து வருகிறது. தை மாதத்து விடியற்காலையில் அது வீசுவதே இல்லை. டெல்லி அளவுக்கு மோசமில்லையே என்பது மற்றொரு ஆறுதல். உண்மைதான், டெல்லியை அளவுகோலாகக் கொண்டால் உலகில் ஏறக்குறைய எல்லா ஊரும் தேறிவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, நிர்வாகத்தின் கண்ணில் இந்தப் பட்டை நெடுங்காலம் நகரமாகவும் இல்லை, கிராமமாகவும் இல்லை. பி.எம். 2.5 எனும் நுண்துகளுக்கு 24 மணி நேரத்தில் 60 மைக்ரோகிராம் என்ற தேசிய வரம்பு 2009 நவம்பரில்தான் வந்தது. அதற்குள் இருங்காட்டுக்கோட்டையில் பதினோரு ஆண்டு கார் உற்பத்தி முடிந்திருந்தது. (உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன வரம்பு 15.) 2010இல் சென்னை உள்ளிட்ட 13 பெருநகரங்களுக்குக் கந்தகம் குறைந்த பிஎஸ்-4 டீசல் வந்தது, நாடு முழுமைக்கும் அது வர 2017 ஏப்ரல் ஆனது. இடைப்பட்ட ஏழாண்டுகள்தான் ஒரகடம் வளர்ந்த ஆண்டுகள். 2019 ஜனவரியில் தேசியத் தூய காற்றுத் திட்டம் வந்தபோது, அதுவும் நகரங்களுக்கான திட்டமாகவே வந்தது. தமிழ்நாட்டில் தூத்துக்குடி, திருச்சி, சென்னை, மதுரை அதற்குள் வந்தன, இரவு பகலாக லாரி ஓடும் ஸ்ரீபெரும்புதூர் வரவில்லை. சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்து இந்தப் பகுதியைச் சேர்த்துக்கொண்டது 2022இல். மனைப் பிரிவுக்கு அனுமதி வழங்க நகரம் இவ்வளவு தூரம் நீளுமென்றால், காற்றுக்கும் நீள வேண்டும்.

இன்னொரு ஓட்டை பெரிதாகப் பேசப்படுவதில்லை. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்கீழ் பெரும்பாலான திட்டங்கள் மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தில், மூன்று மாதம் காற்றை அளந்து காட்டினால் போதும். எந்த மூன்று மாதம் என்பதில் தாராளம் உண்டு. மார்ச் முதல் மே வரை அளந்தால் தரை சூடாகி, காற்று வீசி, எல்லாம் கலைந்துபோகும் காலத்தின் எண் கிடைக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அளந்தால் ஊர் உண்மையில் சுவாசிக்கும் எண் கிடைக்கும். சட்டப்படி இரண்டும் ஒன்று, நுரையீரலுக்கு அல்ல. 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட பரந்தூர் விமான நிலையமும், அதைச் சுற்றி வரவிருக்கும் கிடங்குகளும், புதிய சிப்காட் பூங்காக்களும் இதே வாடைக்காற்றின் கீழ்தான் அமையப்போகின்றன. மாநில அரசு செய்ய வேண்டியது புதிய சட்டமல்ல. இந்தப் பகுதியில் எந்தத் திட்டத்துக்கும் அளவெடுப்பு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, இரவும் சேர்த்து, நடக்க வேண்டும் என்று ஒரு வரி நிபந்தனை போட வேண்டும். அந்த மூன்று மாதங்களில் டிரெய்லர்கள் வெயில் ஏறிய பிறகு நகர, சென்னையின் பகல் நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்த வேண்டும். போகி நெருப்பைத் தணிக்கச் சொல்லும் வாரியம், அந்த ஒரு நாளுக்கு வைக்கும் கருவிகளை இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடம் கூட்டுச்சாலையிலும் மார்கழி முதல் மாசி வரை வைத்து, கிடைக்கும் எண்ணை மணிவாரியாக வெளியிடட்டும்.